துணிப்பெட்டியின் அடியில் ஒரு பிரஷ்

ஷீச்சியாவ், தெற்கு வாசல் தெரு
2 டிசம்பர் 1986

அன்புத் தம்பி யொங்மாவுக்கு,

அக்கா குய்ஜென் எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் நால்வரும் நலம். பாலைவனத்தில் ரயில் பாதை போட்டுக்கொண்டிருக்கும் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நால்வர் என்று எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. என் மகள் வெளியூருக்கு வேலைக்குப் போனதிலிருந்து, போன கடிதம் வரைக்கும் நான், உன் அத்தான், உன் மனைவி சியூபிங் என்று மூவர்தானே.

தந்தியில் "பெண், இருவரும் நலம்" என்று மட்டும் கொடுத்தேன். மீதியைக் கேள். குட்டி பிறந்தது நவம்பர் இருபத்து நான்காம் தேதி, மதியச் சாப்பாட்டு வேளையில். எடை மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேல். மூக்கு அப்படியே நம் அப்பாவின் மூக்கு. பெண்ணுக்குப் போய் இந்த மூக்கா என்று நான் நொந்துகொண்டதற்கு, "வளர வளர மூஞ்சி பெருசாகும், மூக்கு அப்படியே நின்னுரும், விடு" என்றார் உன் அத்தான். நிலக்கரி வண்டி மிதிப்பவருக்கு இவ்வளவு யோசனை வருவதே அதிசயம். பெயரை நீதான் வைக்க வேண்டும் என்று சியூபிங் பிடிவாதமாக இருக்கிறாள். மாதம் நிறைகிற விருந்து இருபத்து மூன்றாம் தேதி. அதற்குள் பெயரை எழுதி அனுப்பு. அதுவரை குட்டி, குட்டிதான்.

பிள்ளை பெற்றவளுக்கு நான் மாதப் பத்தியம் பார்க்கிற அழகைத் தெருவே பேசுகிறது. நூடுல்ஸ் ஆலையில் ஒரு மாதம் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். ஜன்னல் இடுக்கெல்லாம் காகிதம் ஒட்டியாயிற்று. வாசலுக்கு இரட்டைத் திரை. அடியில் நெருப்பு போட்ட கணப்புக் கட்டில் எந்நேரமும் கதகதவென்று இருக்கிறது. தலைக்குத் துண்டு, காலுக்குக் கம்பளி உறை, நாளுக்கு ஐந்து வேளை நாட்டுச் சர்க்கரை போட்ட தினைக் கஞ்சி, எட்டு முட்டை. தலைக்குக் குளிக்கக் கூடாது, பச்சைத் தண்ணீரைத் தொடக் கூடாது, படிக்கக் கூடாது, பல் தேய்க்கக் கூடாது. ஒன்றிலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

பல் விஷயத்தில்தான் உன் மனைவி முரண்டு பிடிக்கிறாள். தொலைபேசி நிலையத்தில் நாள் முழுக்கப் பேசி வேலை பார்ப்பவள் அல்லவா, வாய் சுத்தமாக இருக்க வேண்டுமாம். மூன்றாம் நாளே, "அக்கா, வாயெல்லாம் பிசுபிசுங்குது. ஒரே ஒரு தடவ தேச்சுக்கறேனே, வெந்நீர்லதான்" என்று கெஞ்சினாள். நான் விடுவேனா? என் வாயைத் திறந்து காட்டினேன். நாலு பல் இல்லை. "இதப் பாரு. எம்பொண்ணு பொறந்தப்ப யாருக்கும் தெரியாம ஒரு நாள் வாய் கொப்புளிச்சேன். பத்து வருஷத்துக்குள்ள நாலும் கொட்டிப்போச்சு" என்றேன். அவள் நிதானமாக எண்ணிப் பார்த்துவிட்டு, "ஒரு நாள் கொப்புளிச்சதுக்கு நாலு. மிச்ச இருபத்தொம்போது நாள் கொப்புளிக்காம இருந்தீங்களே, அதுக்கு ஒண்ணுமே இல்லையாக்கா?" என்று கேட்டாள். படித்தவள் வாயைப் பார்த்தாயா! அன்றைக்கே அவளுடைய பிரஷை எடுத்துத் துணிப்பெட்டியின் அடியில், போர்வைகளுக்கெல்லாம் கீழே வைத்துப் பூட்டிவிட்டேன். சாவி என் இடுப்பில் இருக்கிறது.

ஒரு சின்ன விஷயம். பயப்படும்படி ஒன்றும் இல்லை. சொல்லாமல் விட்டால் பின்னால் கோபித்துக்கொள்வாய் என்றுதான் எழுதுகிறேன். செப்டம்பரில், அவளுக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது, வலது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல் வலிக்கிறது என்று துடித்தாள். சந்தையில் பல் பிடுங்குகிறவரிடம் கூட்டிப்போனேன். வயிற்றைப் பார்த்ததும் அவர் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டார். "புள்ளத்தாச்சிக்குப் பல்லப் புடுங்கமாட்டேம்மா, பெத்துட்டு வாங்க" என்றார். எதிர்வீட்டு ஹோ அத்தை சொன்னபடி, நாக்கு மரத்துப்போகிற மலை மிளகைச் சொத்தைக்குள் வைத்துக் கடிக்கச் சொன்னேன். பத்து நாளில் வலி தானாக நின்றுவிட்டது. வெந்நீர் பட்டால்கூட வலிக்கவில்லை. தன் மிளகு செய்த வேலை என்று ஹோ அத்தை தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

இப்போது அதே பக்கம் தாடை லேசாக வீங்கியிருக்கிறது. உடம்புச் சூடுதான். இத்தனை முட்டையும் சர்க்கரையும் கணப்பும் சேர்ந்தால் சூடு ஏறாமல் என்ன செய்யும்? வேறு சமயமாக இருந்தால் பச்சைப்பயறு வேகவைத்த தண்ணீரை ஆறவைத்து இரண்டு நாள் கொடுத்தால் இறங்கிவிடும். ஆனால் பச்சை உடம்புக்காரிக்குக் குளிர்ச்சி ஆகாதே. சூட்டைத் தணிக்கவும் முடியவில்லை, கணப்பைக் குறைக்கவும் பயமாக இருக்கிறது. அதனால் ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேற்று மேல் கொஞ்சம் சுட்டது. பால்காய்ச்சல் என்றாள் ஹோ அத்தை. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. முட்டையை நாலாகக் குறைத்திருக்கிறேன்.

உனக்கு இரண்டு வரி எழுத வேண்டும் என்று பேனா கேட்டாள். இந்த மாதத்தில் குனிந்து எழுதினால் கண் கெட்டுப்போகும், நான் கொடுக்கவில்லை. அவள் அன்பையும் சேர்த்து நானே எழுதியதாக வைத்துக்கொள். நீ ஜனவரிக் கடைசியில் புத்தாண்டு விடுப்புக்கு வந்தால் போதும், அதற்கு முன்னால் அலைய வேண்டாம். நம் அம்மாவுக்கு யாரும் மாதப் பத்தியம் பார்க்கவில்லை. நான் இருக்கும்வரை இந்த வீட்டில் இன்னொருத்திக்கு அப்படி நடக்காது. காலுறையை ஈரமாகப் போட்டுக்கொள்ளாதே.

என்றும் உன் நலம் நாடும்
அக்கா குய்ஜென்

*

மாவட்ட மருத்துவமனை, மூன்றாம் வார்டு
9 டிசம்பர் 1986

தம்பி யொங்மாவுக்கு,

சியூபிங் உயிரோடு இருக்கிறாள். குட்டி நன்றாக இருக்கிறது. இதை முதலில் எழுதிவிட்டேன். இனி உட்கார்ந்து படி.

போன கடிதத்தில் லேசான வீக்கம் என்று எழுதியிருந்தேன். அது பொய். அதை எழுதின அன்றைக்கே அவளால் இரண்டு விரல் அகலத்துக்குமேல் வாயைத் திறக்க முடியவில்லை. நீ அங்கே தனியாகக் கிடந்து கவலைப்படுவாய் என்று மறைத்தேன். கவலையைவிட, என் பத்தியத்தில் ஒரு குறை என்று உன்னிடம் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை என்பதுதான் உண்மை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் மோசமாயிற்று. வீக்கம் தாடையிலிருந்து மோவாய்க்கு அடியில் இறங்கி, இடது பக்கமும் போய்விட்டது. பேசினால் வாயில் சுடுகிழங்கை வைத்துக்கொண்டு பேசுவதுபோல இருந்தது. தொலைபேசியில் அவள் "எந்த ஊர் வேணும்?" என்று கேட்டதைக் கேட்டே நீ மயங்கி விழுந்தாயே, அந்தக் குரலா இது என்று இருந்தது. ஐந்தாம் தேதி கஞ்சி உள்ளே இறங்கவில்லை, உதட்டோரம் வழிந்தது. நான் அதற்கும் அவளைத்தான் கோபித்துக்கொண்டேன். "சாப்பிடாம இருந்தா பால் எங்கருந்து வரும்? புள்ளைய நெனச்சுப் பாரு" என்றேன். கண்ணில் தண்ணீரோடு ஒரு கரண்டி விழுங்கினாள். ஒரு கரண்டி விழுங்க அவளுக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை அவளால் படுக்க முடியவில்லை. முழங்காலில் கையை ஊன்றி முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். எச்சிலை விழுங்க முடியாமல் துண்டில் வடியவிட்டாள். கழுத்து, தாடையிலிருந்து காறை எலும்புவரை ஒரே பலகையாக இருந்தது. விரலால் அழுத்தினால் அமுங்கவில்லை. நாக்கு மேலே தூக்கிக்கொண்டு வெளியே தெரிந்தது. ஹோ அத்தையைக் கூப்பிட்டேன். "பதினாலாம் நாள்ல வெளிய தூக்கிட்டுப் போனீன்னா குளிர் எலும்புல பூந்துக்கும்டி. அப்புறம் ஆயுசுக்கும் எந்திரிக்கமாட்டா. சாயங்காலம் மூலிகை வைத்தியரக் கூட்டியாரேன், அதுவரைக்கும் போர்வையப் போத்தி வை" என்றாள். நான் சரி என்றேன்.

பத்து மணிக்கு உன் அத்தான் ஒரு நடை கரி இறக்கிவிட்டுச் சாப்பிட வந்தார். அவளை ஒரு பார்வை பார்த்தார். முகம் கழுவவில்லை, சாப்பிடவில்லை. "வண்டியில சாக்க விரி" என்றார். நான் ஹோ அத்தை சொன்னதைச் சொன்னேன். அதற்கு அவர், "நீ வாசல்ல அடிக்கிற குளிருக்குப் பயந்துகிட்டு நிக்கற. அவளுக்கு மூச்சே விட முடியலடி, கண்ணு தெரியலையா ஒனக்கு?" என்றார். அப்படியும் நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். மறித்துக்கொண்டு நின்றேன், தம்பி. இருபது வருஷத்தில் என்னை ஒரு வார்த்தை அதட்டாத மனிதர், தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டுப் போனார்.

ஏன் மறித்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். நீ பிறந்த பன்னிரண்டாம் நாள் அம்மா கிணற்றுக்குப் போனாள், குளிர் பட்டுக் காய்ச்சலில் போய்விட்டாள் என்று சொல்லித்தான் உன்னை வளர்த்தேன். அன்றைக்குத் தண்ணீர் இறைக்க வேண்டியவள் நான். எனக்குப் பன்னிரண்டு வயது. ஆற்றுப் பனிக்கட்டியில் சறுக்கி விளையாடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அம்மா ஈரக் கையோடு வாசலில் நின்று, "எங்கடி போயிட்ட?" என்று மட்டும் கேட்டாள். நான்காம் நாள் இறந்துபோனாள். இதை உன்னிடம் இருபத்தாறு வருஷமாகச் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை வாசலில் நிற்கும்போது என் கண்ணுக்குத் தெரிந்தது அம்மாவின் ஈரக் கைதான், சியூபிங்கின் கழுத்து இல்லை.

இரண்டு போர்வையில் சுற்றி, கரி வண்டியில் அவளை உட்கார்ந்தபடியே வைத்து, முதுகுக்கு நான் முட்டுக்கொடுத்தேன். குட்டியைத் தையல்காரர் வீட்டு மருமகளிடம் விட்டோம். அவளும் கைக்குழந்தைக்காரி. பாலத்தைத் தாண்டும்போது சியூபிங்கின் உதடு நீலமாகிவிட்டது. உன் அத்தான் வண்டியை மிதித்த மிதிக்கு எதிரே வந்தவர்களெல்லாம் திட்டினார்கள்.

இங்கே நியே என்று ஒரு பெண் டாக்டர், முப்பது வயதுகூட இருக்காது. கழுத்தை ஒரு தடவை அழுத்தினார், வாய்க்குப் பக்கத்தில் மோந்து பார்த்தார், "பல்லுதான். பல்லுலருந்து எறங்கியிருக்கு" என்றார். நான் அப்போதும் வாதாடினேன். "இவளுக்குப் பல்வலியே இல்லீங்க டாக்டர். அது செப்டம்பர்லயே நின்னுபோச்சு" என்றேன். "வலி நின்னுதுன்னா நரம்பு செத்துப்போச்சுன்னு அர்த்தம். சீழ் சாகலம்மா, அது பாட்டுக்கு உள்ள வேலை செஞ்சுகிட்டுதான் இருந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டே கையைக் கழுவினார். வீக்கம் நாக்கைத் தூக்கி மூச்சுக் குழாயை அடைத்துக்கொண்டிருக்கிறதாம். மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைத்தால் அப்படியே போய்விடுவாளாம். அதனால் உட்கார்ந்த நிலையிலேயே தொண்டைக்குழியில் மரப்பு ஊசி போட்டு, ஓட்டை போட்டு, ஒரு குழாயைச் செருகினார்கள். கதவுக்கு வெளியே நான் நின்றேன். குழாய் வழியாக அவள் இழுத்த முதல் மூச்சு வெளியே கேட்டது. பிறகுதான் தாடைக்கு அடியில் மூன்று இடத்தில் கீறினார்கள். அந்த நாற்றத்தை எழுத வேண்டாம். சீழ் வடிய ரப்பர் துண்டுகளைச் செருகி வைத்திருக்கிறார்கள். பல்லையும் எடுத்துவிட்டார்கள். ஒரு தட்டில் போட்டுக் காட்டினார்கள், என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது.

பல் தேய்த்துக்கொண்டிருந்தாளா என்று டாக்டர் கேட்டார். இல்லை, நான்தான் விடவில்லை, பிரஷைப் பூட்டி வைத்துவிட்டேன் என்று சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை. "பல்லு ரொம்ப நாளாவே சொத்தை. அதை ஏழாம் மாசமே எடுத்திருக்கலாம், புள்ளத்தாச்சிக்கும் எடுக்கலாம், எங்ககிட்ட வந்திருக்கணும். ஆனா வீங்கின அன்னிக்கே கொண்டுவந்திருந்தீங்கன்னா கழுத்தைக் கீற வேண்டி வந்திருக்காது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வீங்கியது நவம்பர் முப்பதாம் தேதி. எந்த நேரம் என்றுகூட எனக்குத் தெரியும்.

இப்போது என்ன நிலைமை என்று கேட்பாய். மூச்சு இருக்கிறது. காய்ச்சல் இறங்கவில்லை. ஊசியும் சொட்டு மருந்தும் போய்க்கொண்டே இருக்கின்றன. சீழ் கழுத்துக்குள்ளேயே கீழே இறங்குகிறதோ என்று டாக்டருக்குச் சந்தேகம். நெஞ்சுக்கூட்டுக்குள் போய்விட்டால் என்று ஆரம்பித்தவர் மேலே சொல்லவில்லை. நாளைக்கு எக்ஸ்ரே படம் எடுக்கிறார்கள். இன்னும் மூன்று நாள் போனால்தான் தெரியும் என்கிறார்கள். இந்தக் கடிதம் உன் கைக்கு வரப் பத்து நாளாகும். நீ படிக்கும்போது அந்த மூன்று நாளும் முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும், என்ன ஆயிற்று என்று மட்டும் உனக்குத் தெரியாது. அதை நினைத்தால் இதை எழுதுவதா கிழிப்பதா என்று இருக்கிறது.

குழாய் இருப்பதால் அவளால் பேச முடியாது. பேனா கொடுத்திருக்கிறேன். முதலில், "குட்டி பால் குடிக்கிறாளா?" என்று எழுதினாள். குடிக்கிறாள் என்றேன். பிறகு, "அவருக்கு எழுதாதீர்கள். கணவாயில் பனி. கிளம்பிவிடுவார்" என்று எழுதினாள். மூன்றாவது எனக்கு. "அக்கா, அழாதீர்கள். பக்கத்துக் கட்டில்காரி தூங்க வேண்டும்" என்று. இந்த நிலையிலும் கிண்டல்.

அவள் எழுதாதே என்றாள், நான் எழுதிவிட்டேன். வா என்று சொல்லவும் பயமாக இருக்கிறது, வராதே என்று சொல்லவும் பயமாக இருக்கிறது. உன் மேலதிகாரியைக் கேட்டு நீயே முடிவு செய். கோயில் மேட்டில் யாருக்கும் தெரியாமல் ஊதுபத்தி ஏற்றிவிட்டு வந்தேன். நீயும் உனக்குத் தெரிந்த மாதிரி வேண்டிக்கொள். இவளைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு என்னை என்ன செய்தாலும் சரி.

அக்கா குய்ஜென்

*

மாவட்ட மருத்துவமனை
23 டிசம்பர் 1986

அன்புத் தம்பி யொங்மாவுக்கு,

பிழைத்துவிட்டாள். இன்றோடு மாதம் நிறைகிறது.

நேற்று உன் கடிதம் வந்தது. கையெழுத்தைப் பார்த்ததும், திட்டித்தான் எழுதியிருப்பாய் என்று நினைத்தேன். திறந்தால், அது என் முதல் கடிதத்துக்குப் பதில். "நீ இருக்கும்போது எனக்கென்ன கவலை, அக்கா. அவள் முரண்டு பிடித்தால் நீ விட்டுக்கொடுக்காதே" என்று எழுதியிருக்கிறாய். பிரஷ் கதையைப் படித்து முகாமே சிரித்ததாம். அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

என் இரண்டாவது கடிதம் பத்தொன்பதாம் தேதியே உனக்குக் கிடைத்திருக்க வேண்டும். தந்தி ஒன்றும் வரவில்லை. கிடைக்கவில்லையா, வழியில் பனியா, இல்லை கோபமா என்று தெரியவில்லை. பனியாக இருக்கட்டும்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பத்தாம் தேதி படம் எடுத்ததில் சீழ் நெஞ்சின் மேல்பகுதிவரை இறங்கியிருந்தது. இங்கே அந்த அறுவை செய்ய ஆள் இல்லை. பெருநகரத்து சர்ஜனைப் பிடிக்க வேண்டும். தொலைபேசி நிலையத்தில் சியூபிங்கின் தோழிகள் மற்ற எல்லா அழைப்பையும் நிறுத்திவைத்து, அவர் எந்த வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்றுகூடக் கண்டுபிடித்து லைன் போட்டுக் கொடுத்தார்கள். இருட்டுவதற்குள் அவர் ஜீப்பில் வந்துவிட்டார். கழுத்தின் பக்கவாட்டில் திறந்து நெஞ்சுவரை போய் வடித்தார்கள். இரண்டு நாள் அவளுக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை. பதினான்காம் தேதி காலையில் காய்ச்சல் இறங்கிற்று. உன் அத்தான் வராந்தாவில் கரிக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுததில், நர்ஸ் அவரைப் பார்த்துப் பயந்துவிட்டாள்.

பதினாறாம் தேதி அந்த நர்ஸ்தான் சொன்னாள், இனி வாயைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், தினம் மூன்று வேளை பல் தேய்த்துவிட வேண்டும் என்று. நான் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். போர்வைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டேன். அடியில் அந்தப் பச்சைப் பிரஷ் கிடந்தது. அவளால் கையைத் தூக்க முடியாது, நானே தேய்த்துவிட்டேன். அடுத்தவர் பல்லைத் தேய்த்துப் பழக்கம் இல்லாததில் பேஸ்ட் அவள் மூக்கில் அப்பிக்கொண்டது. நான் தேய்த்த நேரம் முழுக்க அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பல்லை மட்டும் பார்த்தேன். நல்ல பல், தம்பி. அந்த ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் நல்ல பல்.

நியே டாக்டர் என் வாயையும் திறந்து பார்த்தார். என் நாலு பல் ஒரு நாள் கொப்புளித்ததால் போகவில்லையாம், கொப்புளிக்காமல் விட்டதால் போனதாம். சியூபிங் அன்றைக்குக் கணக்குப் பார்த்துச் சொன்னாளே, அதேதான். அம்மாவைப் பற்றியும் கேட்டேன். அது பிரசவத்தில் ஏறிய கிருமியாக இருக்கும், கிணற்றுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்றார். சந்தோஷப்பட வேண்டிய செய்தி. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இத்தனை வருஷம் எந்தக் குளிருக்குப் பயந்து எல்லாரையும் அடைத்து வைத்தேன்!

இருபதாம் தேதி குழாயை எடுத்துவிட்டார்கள். ஓட்டை மேல் துணி வைத்துக் கட்டியிருக்கிறது, தானாக மூடிக்கொள்ளுமாம். பால் வற்றிவிட்டது. குட்டிக்கு ஆட்டுப்பால் ஒத்துக்கொண்டது, தையல்காரர் வீட்டு மருமகளும் இரண்டு வேளை கொடுக்கிறாள். பிறந்ததைவிட ஒரு கிலோ கூடிவிட்டது. அந்த மூக்கு மட்டும் மாறவில்லை.

இன்று காலை முட்டைகளுக்குச் சிவப்புச் சாயம் போட்டு வார்டு முழுக்கக் கொடுத்தேன். ஹோ அத்தை வாசலுக்கு வெளியிலேயே நின்று அழுதுகொண்டிருந்தாள், நான்தான் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவந்தேன். அவள் சொன்னதில் ஒன்றுகூட நான் நம்பாதது இல்லையே, அவளை மட்டும் எப்படிக் குறை சொல்வது? பையில் மலை மிளகுப் பொட்டலம் வைத்திருந்தாள், அதைப் பிடுங்கி என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

எல்லாருக்கும் முன்னால் நீ அனுப்பிய பெயரைப் படித்தேன். சிங்யின், தெளிந்த குரல். படித்து முடித்ததும் எல்லாரும் சியூபிங்கின் கழுத்துக் கட்டைப் பார்த்தார்கள். ஒன்றும் தெரியாமல் நீ வைத்த பெயர், அதற்கு நீ என்ன செய்வாய்? சியூபிங் துணிக்கட்டின்மேல் விரலை அழுத்திக்கொண்டு வாயைத் திறந்தாள். பதினாறு நாளைக்குப் பிறகு முதல் பேச்சு. கரியைத் தரையில் இழுப்பதுபோல ஒரு குரல். "பேரு நல்லாருக்கு. வீட்டுல ஒருத்தருக்காவது இருக்கட்டும்" என்றாள். ஹோ அத்தைகூடச் சிரித்துவிட்டாள். அப்புறம் என்னைப் பார்த்து, "அக்கா, அந்த ஜன்னலக் கொஞ்சம் தொறங்க" என்றாள். திறந்தேன். குரல் பெரும்பாலும் திரும்பிவிடும், ஆனால் மாதக்கணக்காகும் என்கிறார் டாக்டர். தொலைபேசி நிலையத்தில் அவள் இடத்தை யாருக்கும் கொடுக்கவில்லை.

எல்லாரும் போன பிறகு என்னைக் கிட்டே கூப்பிட்டாள். "பிரஷ் விஷயத்த அவருக்கு எழுதாதீங்கக்கா. நானும் சொல்லமாட்டேன்" என்றாள். நான் அதை முதல் கடிதத்திலேயே பெருமையாக எழுதி, அதைப் படித்து நீங்களெல்லாம் சிரித்தும் ஆயிற்று என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரி என்று தலையாட்டினேன். நீயும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. அவள் எனக்காக ஒன்றை மறைக்க நினைக்கிறாள், அது அவளிடமே இருக்கட்டும்.

வீட்டு ஜன்னலில் ஒட்டியிருந்த காகிதத்தையெல்லாம் கிழித்துவிட்டேன். இரட்டைத் திரையையும் கழற்றியாயிற்று. புத்தாண்டுக்குள் அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மனைவியும் மகளுமாக நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். விடுப்பில் வரும்போது, பள்ளிக்கூடம் விட்டு வருகையில் தெருமுனையிலிருந்தே கத்துவாயே, "அக்கா" என்று, அதேபோல ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு உள்ளே வா. திட்டுவதாக இருந்தாலும் கூப்பிட்ட பிறகு திட்டு.

கீழே எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு இருந்துவிட்டு, எப்போதும்போல அக்கா என்றே போட்டுவிட்டேன்.

உன் அக்கா
குய்ஜென்